ஜன்னலுக்குக் கீழே கேட்டது

மணியடிக்க இன்னும் பதினைந்து நிமிஷம் இருக்கிறது என்பதை மியா யீயின் இடது கால் சொல்லிவிட்டது. முதலில் எரியும், பிறகு குத்தும், அப்புறம் வேறு யாருடைய காலோ போல மரத்துக் கிடக்கும். மரத்துப் போன கால், நேரத்துக்கு மணியடித்துக்கொண்டு ஓடும் கடிகாரத்தைவிட ஒழுங்கானது என்பதை இந்த மூன்று நாளில் அவள் கண்டுகொண்டாள். மூச்சோடு வயிறு ஏறும்போது 'ஏறுகிறது' என்று மனதுக்குள் குறித்துக்கொள்ள வேண்டும், இறங்கும்போது 'இறங்குகிறது' என்று குறித்துக்கொள்ள வேண்டும். நடுவில் வலியோ நினைப்போ கொசுவோ எது வந்தாலும் அதன் பெயரைச் சொல்லிவிட்டு மறுபடி வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. விடியற்காலை நாலு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை ஒரு மணி நேரம் உட்காருவது, ஒரு மணி நேரம் நடப்பது, அதிலும் இதே வேலைதான். கேட்பதற்குச் சோம்பேறிகளின் தொழில் மாதிரி இருக்கும். அவள் ஐம்பத்தாறு வயது வரை செய்த வேலைகளில் இதைப்போல உடம்பை முறித்தது எதுவும் இல்லை.

'வலி, வலி' என்று குறித்தாள். வலியின் அடியில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் அவள் கடையைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சி மகள் தண்டா இந்நேரம் கெளுத்தி மீனை வேக வைத்து முள் எடுத்திருப்பாளா? மஞ்சளும் எலுமிச்சைப்புல்லும் போட்டு வதக்கும்போது அடி பிடிக்க விட்டிருப்பாளா? மோய்ங்கா என்ற அந்த மீன்குழம்பில் அடிபிடித்த வாசனை ஒருமுறை ஏறிவிட்டால் அன்று முழுக்கப் போகாது. 'நினைப்பு, நினைப்பு' என்று குறித்தாள். நினைப்பு போய், அதன் இடத்தில் தங்கச்சியின் முகம் வந்தது. அதைக் குறிக்காமல் சட்டென்று வயிற்றுக்கு ஓடினாள். இதைத்தான் அவள் மூன்று நாளாகச் செய்துகொண்டிருந்தாள், யாருக்கும் தெரியாமல்.

மோனிவாவுக்கு வெளியே பனைமரக் காட்டுக்கு நடுவில் இருந்த அந்தத் தியான மடத்துக்கு அவள் இரண்டாவது முறையாக வந்திருந்தாள். முதல் முறை வந்தது இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால். அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. புருஷன் மணல் படகோடு ஆற்றில் போய், மூன்றாம் நாள் கிடைத்த உடம்பைப் பார்த்த பிறகு அவளால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. யாரோ கொண்டுவந்து இங்கே விட்டார்கள். இரண்டு மாதம் இருந்தாள். திரும்பிப் போகும்போது அவள் வேறு ஆள். அப்படித்தான் அவள் ஊரான பகோக்கூவில் எல்லோரும் சொன்னார்கள், அவளும் மறுக்கவில்லை.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தியானத்தில் ஒருவர் முன்னேற முன்னேற ஞானங்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரு வரிசையில் வரும் என்று சொல்வார்கள். எதற்குப் பிறகு எது வரும், பயம் எப்போது, அருவருப்பு எப்போது, எல்லாம் அமைதியாவது எப்போது என்பதைப் பெரிய சயாடோ, அதாவது மடத்தின் தலைமைத் துறவி, ஒரு நீண்ட உரையாகப் பேசி கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். அந்த கேசட்டை எல்லோருக்கும் போட மாட்டார்கள். வரிசை முழுவதையும் கடந்துவிட்டார் என்று சயாடோவுக்குத் தோன்றினால்தான் அந்த யோகியைத் தனி அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போடுவார்கள். தான் கண்டது இதுதானா என்று அவரே ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே கேட்டுவிட்டால் மனம் அதைச் சமைத்துக் கொடுத்துவிடும் என்பதால்தான் இந்தக் கட்டுக்காவல். 'ஞான வரிசை கேட்டவர்' என்று ஒருவரைச் சொன்னால், அந்த ஊரில் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அவர் தம்மத்தின் ஓடையில் கால் வைத்தவர். இனி கீழ்ப்பிறவி கிடையாது. அவரால் பொய் சொல்ல முடியாது.

மியா யீ ஞான வரிசை கேட்டவள். ஆனால் இரண்டு தடவை கேட்டவள்.

முதல் முறை வந்திருந்தபோது, ஐந்தாவது வாரம் அவளுக்குக் கிடைத்த வேலை, சயாடோவின் அறைக்கு வெளியே வேப்பிலைச் சருகு பெருக்குவது. அந்த வாரம் உள்ளே ஒரு வயதான சந்நியாசினிக்கு கேசட் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மதியம். வெயிலுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். முதல் நாள் அவளுக்கு என்னவென்றே தெரியாது. இரண்டாம் நாள் தெரிந்தது. மூன்றாம் நாள் பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். அதற்கு அடுத்த வாரம் அவளுக்கு எல்லாம் வந்தது. பயம் வந்தது, அருவருப்பு வந்தது, விட்டு ஓட வேண்டும் என்ற தவிப்பு வந்தது, பிறகு எல்லாம் அடங்கிய ஒரு தெளிவு வந்து, ஒரு கணம் ஒன்றுமே இல்லாமல் போனது. நிஜமாகவே வந்தது. அழ வைத்துக்கொண்டே வந்தது. ஆனால் அந்த வரிசைப்படியே, ஒன்றுகூட இடம் மாறாமல் வந்தது. சயாடோ அவளைக் கூப்பிட்டு கேசட்டைப் போட்டபோது அவள் கண்களை விரித்து, முதல் தடவை கேட்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தது நிஜமா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது. முகத்தை வைத்துக்கொண்டது மட்டும் நன்றாகத் தெரியும்.

"நீங்க ஞான வரிசை கேட்டவங்களாமே!" என்று அறைத்தோழி சேன் மே முதல் நாளே கையைக் கூப்பிவிட்டாள். மாண்டலேயில் துணிக்கடை வைத்திருப்பவள்; உருண்டை முகம், இரவெல்லாம் குறட்டை. "உங்க பக்கத்துப் பாய்ல படுக்கக் குடுத்து வச்சிருக்கணும் அக்கா. எம் புருசன்கிட்ட சொன்னா நம்ப மாட்டான்."

"நம்பாட்டி விடும்மா. வெளக்கை அணை" என்றாள் மியா யீ.

சேன் மே அன்றிலிருந்து பகல் சாப்பாட்டில் தனக்கு வரும் மாம்பழத் துண்டை மியா யீயின் தட்டில் வைத்தாள். வேண்டாம் என்றால் அதற்கும் கையைக் கூப்பினாள்.

ஊரிலும் இதே கதைதான். அவள் கடையில் மோய்ங்கா சாப்பிட்டால் கோபம் தணிகிறது என்று ஒரு பேச்சு பரவி, சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டிகளை அழைத்து வந்து அவள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவள் என்ன சொன்னாலும் தலையாட்டினார்கள். வியாபாரத்துக்கு நல்லதுதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அவள் ஒரு ஆளையும் முழுசாகத் திட்டியதில்லை. செத்த மீனைக் கலந்து கொடுத்த மீன்காரியைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்துவிட்டு, பின்கட்டுக்குப் போய்க் குழம்புக்கான வாழைத்தண்டை நறுக்குவாள். அவள் நறுக்கும் வேகத்தைப் பார்த்து, தண்டு அத்தனை மெல்லிசாக வருவதற்கும் தியானம்தான் காரணம் என்று ஊர் சொன்னது. பொய்யைச் சுமப்பதைவிட நல்லவள் என்ற பெயரைச் சுமப்பதில்தான் அவள் தோள் இற்றுப் போனது. இப்போதெல்லாம் காலையில் எழுந்திருக்கும்போதே களைத்திருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஓன் டின் படுத்தாள்.

ஓன் டின் அவள் தங்கச்சி, நாலு வயது இளையவள். சுருட்டுப் பட்டறையில் முப்பது வருஷம் சுருட்டு சுற்றியவள். வாயும் கையும் ஒரே வேகம். ஈரலில் கட்டி என்று மாண்டலே ஆஸ்பத்திரியில் சொல்லி, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றும் சொல்லிவிட்டார்கள். வயிற்றில் நீர் கோத்து எட்டு மாதக் கர்ப்பம் போல நின்றது. அவள் மகள் தண்டாவும் மியா யீயும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் முதுகைத் துடைத்துவிடும்போது ஓன் டின் கேட்டாள்.

"அக்கா, நீ பாத்தவ. உனக்குத் தெரியும். போறப்போ எப்படி இருக்கும்? தூங்கிப் போற மாதிரியா, இல்ல எங்கேயோ விழுற மாதிரியா? எனக்கு விழுறதுதான் பயம். சின்னதுல இருந்தே கெணத்தை எட்டிப் பாக்க மாட்டேன்ல. வேற யார் சொன்னாலும் ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு இருக்கும். உன்னாலதான் பொய் சொல்ல முடியாதே. நீ சொல்லு."

மியா யீயின் கையில் ஈரத்துணி அப்படியே நின்றது.

"பத்து நாள் மடத்துல உக்காந்துட்டு வந்து சொல்றேண்டி" என்றாள். சரக்கு வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று கடைக்காரர் சொல்கிற அதே குரலில் சொன்னாள். ஓன் டின்னின் முகம் மலர்ந்துபோனது. "போய்ட்டு வா. நல்லா பாத்துட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் இருக்கேன்" என்று சொல்லி, தண்டாவைக் கூப்பிட்டு தியானத்தில் போர்த்துகிற அக்காவின் பழுப்புச் சால்வையைத் தேடி எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

பத்து நாளில் இன்னொரு முறை அது வந்துவிட்டால், இந்தத் தடவை ஜன்னல் ஏதும் இல்லாமல் தானாக வந்துவிட்டால், ஊருக்குப் போய் உண்மையையே சொல்லிவிடலாம். மியா யீ தனக்கே சொல்லிக்கொண்ட கணக்கு அதுதான்.

வரவில்லை. நாலாம் நாளும் வரவில்லை. வந்ததெல்லாம் கால்வலி, கெளுத்தி மீன், சேன் மேயின் குறட்டை. ஒன்றுவிட்ட ஒரு நாள் ஊ கேமிந்தர் யோகிகளிடம் விவரம் கேட்பார். முப்பத்து மூன்று வயதுத் துறவி. ஒல்லி, அடிக்கடி மலேரியா வந்து கண்ணோரம் மஞ்சள் பாரித்திருக்கும். பெரிய சயாடோ இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருந்ததால் இவர்தான் எல்லாம். உட்கார்ந்ததில் என்ன வந்தது, எப்படிக் குறித்தீர்கள், குறித்ததும் அது என்ன ஆனது என்று மூன்று கேள்விதான் கேட்பார். மியா யீக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியும். "வலி வந்துச்சு சாமி. குறிச்சேன். உத்துப் பாத்தா ஒரே வலியா இல்ல, சின்னச் சின்னதா உதிர்ந்து போச்சு" என்றாள். அவர் தலையசைத்தார். வலி உதிரவில்லை. அப்படியே குன்று மாதிரி உட்கார்ந்திருந்தது. உதிரும் என்பது அவளுக்குக் கேட்ட ஞாபகம்.

மாலை ஆறு மணிக்கு பெரிய சயாடோவின் பழைய உரையை ஒலிபெருக்கியில் போடுவார்கள். ஆள் இங்கே பின்புறக் கட்டிடத்தில் யார் ஊட்டுகிறார்கள் என்று தெரியாமல் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்க, அவருடைய ஐம்பது வயதுக் குரல் மட்டும் பனைமரங்களுக்கு நடுவில் கணீரென்று போகும். "இருப்பதைப் பார். இருக்க வேண்டியதைப் பார்க்காதே." மியா யீ ஒவ்வொரு மாலையும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

ஐந்தாம் நாள் மதியம் அவளுக்கு ஒன்று வந்தது.

சாப்பிட்ட களைப்பில் கூடம் முழுக்கத் தூங்கி வழிந்தது. மின்விசிறி நின்றுபோயிருந்தது. 'ஏறுகிறது, இறங்குகிறது' என்று அவள் குறித்துக்கொண்டிருந்தபோது, பேருந்தின் நினைப்பு வந்தது. ஊரிலிருந்து வந்த பேருந்து, ஆற்றுப் பாலத்தில் ஏறுகிறது. ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அடிக்கிறது. 'நினைப்பு, நினைப்பு.' போகவில்லை. மறுபடி பாலம், மறுபடி காற்று. இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று அலுத்துப்போய், விரட்டுவதை விட்டுவிட்டு அதை நேராகப் பார்த்தாள். அந்தக் காற்று படும்போது நெஞ்சுக்குள் ஒன்று தளர்ந்து விரிந்தது. அது என்ன என்று தேட வேண்டியிருக்கவில்லை. சந்தோஷம். தங்கச்சியின் கட்டிலிலிருந்து, அந்த வீச்சத்திலிருந்து, அந்தக் கேள்வியிலிருந்து தப்பித்துவிட்ட சந்தோஷம். பாலத்தில் ஏறும்போது அவள் சிரித்திருக்கிறாள். இப்போது ஞாபகம் வருகிறது, பக்கத்து சீட்டுக்காரி அவளைப் பார்த்து என்ன விசேஷமா என்று கேட்டாள்.

அவள் தேடி வரவில்லை. ஓடி வந்திருக்கிறாள். சாகக் கிடப்பவளை விட்டுவிட்டு, ஊரே கையெடுத்துக் கும்பிட, பழுப்புச் சால்வை போர்த்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தின் அடியில் பயம் இருந்தது. பயத்தின் அடியில் என்ன என்று பார்த்தால், பெரிதாக ஒன்றும் இல்லை, களைப்பு. இருபத்திரண்டு வருஷக் களைப்பு, பிசுபிசுவென்று, கழுவாத பாத்திரத்தின் அடியில் இருப்பது போல இருந்தது. எந்த கேசட்டிலும் இது சொல்லப்படவில்லை. எந்த வரிசையிலும் இதற்கு இடம் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இதை யாரும் சொல்லிக் கொடுத்து அவள் பார்க்கவில்லை என்பதில் சந்தேகமே வரவில்லை. அது ஒன்றுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மணியடித்தது. காலை நீட்ட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை விவரம் சொல்லும் வரிசையில் எட்டுப் பெண்கள் மண்டியிட்டிருந்தார்கள். மியா யீ இரண்டாவது. சேன் மே அவளுக்குப் பின்னால். மூன்று முறை தரையில் நெற்றி படக் கும்பிட்டு நிமிர்ந்தாள்.

"சாமி, இன்னைக்கு உக்காந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி பழசு ஒண்ணு சொல்லணும்."

ஊ கேமிந்தர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "பழசு வேண்டாம் யோகியம்மா. உக்காந்தப்போ வந்ததை மட்டும் சொல்லுங்க."

"உக்காந்தா பழசுதானே சாமி வருது."

பின்னால் யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவர் விசிறியைக் கீழே வைத்தார். அவள் சொன்னாள். சருகு, ஜன்னல், மூன்று மதியம், பெருக்கிய இடத்தையே பெருக்கியது, முகத்தை வைத்துக்கொண்டது. பிறகு தங்கச்சியின் கேள்வி, பாலம், காற்று. முந்தா நாள் வலி உதிர்ந்தது என்று சொன்னதும் பொய் என்றாள். சொல்லும்போது குரல் சந்தையில் விலை சொல்கிற மாதிரி தட்டையாக வந்தது. முதுகுக்குப் பின்னால் ஆறு பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்போ எனக்கு வந்தது நெசமா சாமி, இல்ல கேட்டதை மனசு சமைச்சுக்கிச்சா?"

"யோகியம்மா, அன்னைக்கு எனக்குப் பதினோரு வயசு. ஊர்ல மாடு மேச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் அவர். "எனக்கு எப்படித் தெரியும்?"

"பெரிய சாமிகிட்ட..."

"பெரிய சாமிக்கு இப்போ சாப்பிட்டாச்சான்னே ஞாபகம் இல்ல." அவர் கண்களை மூடித் திறந்தார். அவருக்கும் உடம்பு முடியவில்லை என்பது தெரிந்தது. "இதை இப்போ சொன்னீங்களே, சொல்றப்போ என்ன இருந்துச்சு?"

"தொண்டை காஞ்சுபோச்சு. கை நடுங்குது சாமி."

"குறிச்சீங்களா?"

"இல்ல."

"குறிங்க" என்றுவிட்டு, அடுத்தவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

மியா யீக்குக் கோபம் பொங்கியது. இருபத்திரண்டு வருஷச் சுமையை இறக்கி வைத்தால், கை நடுங்குவதைக் குறி என்கிறார். அதற்கு ஒரு தண்டனை இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை, ஐயோ என்றுகூட இல்லை. 'கோபம், கோபம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு குறித்தாள். வாழைத்தண்டு இல்லாமல் வந்த முதல் கோபம் அது. கொஞ்ச நேரத்தில் அதுவும் சலித்துப் போனது.

பகல் சாப்பாட்டில் சேன் மே தன் மாம்பழத்தைத் தானே சாப்பிட்டாள். தலையைத் தூக்கவில்லை. மியா யீக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனாலும் தட்டில் அந்தத் துண்டு இல்லாத இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கிளம்பப் போகிறேன் என்றதும் ஊ கேமிந்தர் ஏன் என்று கேட்கவில்லை. தியானத்தில் இருக்கும்வரை எட்டு சீலம், அதாவது ஒழுக்க நோன்புகள், காக்க வேண்டும். வீட்டுக்குப் போகிறவர்கள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஐந்து சீலம் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அவர் பாலி மொழியில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். உயிரைக் கொல்லமாட்டேன். கொடுக்காததை எடுக்கமாட்டேன். நாலாவதில், பொய் சொல்லமாட்டேன் என்ற இடத்தில், நாக்கு நின்றுவிட்டது. அவர் காத்திருந்தார். அவள் சொல்லி முடித்தாள்.

பேருந்து பாலத்தில் ஏறும்போது காற்று அடித்தது. அது வெறும் காற்றாக இருந்தது. போகும் வழியெல்லாம் அவள் ஒரு பொய்யைத் தயார் செய்து பார்த்தாள். தூங்கிப் போகிற மாதிரிதாண்டி, விழவே மாட்டே. எத்தனை சின்னப் பொய். கேட்டவள் நிம்மதியாகப் போவாள். இருபத்திரண்டு வருஷம் சொன்னதோடு இதையும் சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பகோக்கூ வரும்வரை அவளால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

ஓன் டின்னை ஜன்னலோரமாக மூங்கில் கட்டிலில் மாற்றிப் போட்டிருந்தார்கள். ஆறு நாளில் முகம் பாதியாகியிருந்தது, கண் மஞ்சளாகியிருந்தது, வயிறு மட்டும் இன்னும் பெருத்திருந்தது. தண்டா பெரியம்மாவின் பையை வாங்கிக்கொண்டு கஞ்சி வைக்கப் போனாள்.

"பத்து நாள்னே?" என்றாள் ஓன் டின். குரல் நூலாக வந்தது. "ஓடி வந்துட்டியா? நானும் இங்க உக்காந்து, இல்ல படுத்து, நீ சொல்ற வயித்து வேலையைச் செஞ்சு பாத்தேன். எனக்கு ஏறினது ஏறினதுதான். எறங்கவே மாட்டேங்குது."

மியா யீ சிரித்துவிட்டாள். சிரித்தபடியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள் ஓன் டின். சிரிப்பு போய், கண் அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டது. "பாத்தியா? எப்படி இருக்கும்?"

பேருந்தில் தயார் செய்த வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. மியா யீ வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியாது ஓன் டின். எப்பவுமே தெரியாது."

ஜன்னலைச் சொன்னாள். ஓன் டின் இமைக்காமல் கேட்டாள்.

"எத்தனை நாள் நின்னு கேட்டே?"

"மூணு."

"அப்புறம் சாமி போட்டப்போ, புதுசா கேக்குற மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டியா?"

"ஆமா."

"பாவி" என்றாள் ஓன் டின். "இருபத்திரண்டு வருசம் உன் முன்னாடி நான் ஒரு கெட்ட வார்த்தை பேசலை. தெரியுமா? எம் புருசன் அந்தச் சிறுக்கியோட போனப்போகூட வாயைத் தொறக்கலை. நீ இருந்தே. புகையிலையைக்கூட ஒளிச்சு வச்சு மென்னேன்." மூச்சு வாங்கியது. "நீ பாத்திருக்கேன்னு ஒரு தைரியத்துலதான் படுத்திருந்தேன். தெரியாதுன்னு சொல்றதுக்கா ஓடி வந்தே? ஒரு பொய் சொல்லித் தொலைச்சிருக்கலாமேடி. இப்போ நான் எதைப் புடிச்சுக்குறது?"

மன்னித்துக்கொள் என்று சொல்ல மியா யீ வாயெடுத்தாள். மன்னிப்பு வாங்கினால் தனக்கு லேசாகும், அவளுக்கு என்ன என்று தோன்றியதும் அதையும் விழுங்கினாள். ஓன் டின் பெரும்பாடுபட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வயிறு அவளுக்கு முன்னால் திரும்பியது.

தண்டா கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது. எடுத்துக்கொண்டு போனாள். வெளியே யாரோ மியா யீ அக்கா வந்துட்டாங்களா என்று கேட்க, தூங்குறாங்க என்று தண்டா சொன்னது காதில் விழுந்தது. இந்த வீட்டில் பொய் எத்தனை சுலபமாக வருகிறது. மியா யீயின் இடது கால் எரிய ஆரம்பித்தது, பிறகு குத்தியது. எழுந்து போக வேண்டும் போல இருந்தது. மீன் கழுவ வேண்டும், பாத்திரம் பார்க்க வேண்டும், காரணங்களுக்கா பஞ்சம். ஒவ்வொன்றும் வந்தது. அவள் எதையும் பிடிக்கவில்லை. கால் மரத்தது. மரத்த பிறகும் எந்த மணியும் அடிக்கவில்லை. வெயில் ஜன்னலின் மேல்சட்டத்திலிருந்து இறங்கி ஓன் டின்னின் முதுகெலும்புகள் மேல் ஒவ்வொன்றாக நகர்ந்தது.

"இன்னும் இருக்கியா?" என்றது சுவர்ப்பக்கக் குரல்.

"இருக்கேன்."

"ஓடிப் போவேன்னு நெனைச்சேன்."

"போகணும்னுதான் இருக்கு" என்றாள் மியா யீ. "இருக்கேன்."

ஓன் டின் திரும்பினாள். திரும்பி முடிக்கவே நேரமானது. முகத்தில் கோபம் இருந்தது, பயமும் அப்படியே இருந்தது. அக்காவின் கையைத் தேடிப் பிடித்து இழுத்து, இறுகி மினுமினுத்த தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் தோல் அனலாகச் சுட்டது.

"எனக்குச் சொல்ல மூச்சு இல்ல" என்றாள். "நீ சொல்லு. தெரிஞ்சதை மட்டும் சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டாள். மியா யீ கையை அழுத்தாமல் வைத்திருந்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மிகச் சன்னமாக, நீருக்கு அடியில் எதுவோ நகர்வது போல உள்ளங்கை மேலே போனது.

"ஏறுது" என்றாள்.

நின்றது. தளர்ந்தது.

"எறங்குது."

மறுபடி ஏறியது, சொன்னாள். இறங்கியது, சொன்னாள். பின்கட்டில் தண்டா நாளைக்கான வாழைத்தண்டை நறுக்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, தடித்த வெட்டு. ஓன் டின்னின் விரல்கள் அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன.

"எறங்குது" என்றாள் மியா யீ.

அடுத்த மூச்சு உடனே வரவில்லை. அவள் கையை எடுக்காமல், தன் மூச்சையும் நிறுத்திக்கொண்டு, காத்திருந்தாள்.